ஏழாம் விலா

ஸ்காபரோவில் அண்ணன் தன் மகனுக்கு வாங்கிய பெட்டி.
பெடியன் பிரிக்கவேயில்லையாம்.
சொக்லேற் பைக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில்
இரண்டு மாதம் கப்பலில் கிடந்து
ஆனைக்கோட்டைக்கு வந்தது.

நகரசபையில் படம் கீறுகிறவள் நான்.
மதகு, வாய்க்கால், பொது மலசலகூடம்.
பதினெட்டு வருஷம் கீறியதில் ஒன்றுகூட
நிலத்தை விட்டு எழும்பினதில்லை.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன்,
மேலே பொலித்தீன்,
அதன்மேல் குண்டூசிகள்.
பல்சா மரம்.
எடுத்தால் எடுத்தது கைக்குத் தெரியாது,
நகம் பட்டால் பள்ளம்.
பொரிக்காத அப்பளத்தைப் பிரிப்பதுபோல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பலகையிலிருந்து விலாக்களைக் கழற்றினேன்.
இடச்சிறகுக்குப் பதினொன்று.
வலச்சிறகுக்கு நாலு, ஐந்து, ஆறு,
எட்டு.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மேசைக்குக் கீழே தவழ்ந்தேன்.
அண்ணனுக்குக் குரல் அனுப்பினேன்.
"அந்தக் கொம்பனி மூடியாச்சு தங்கச்சி."
பின்னால் பனி வழிக்கிற சத்தம்.

முன்கடைத் தையல்காரர் அருள்நேசன்
என் வேலியைப் பார்த்தார்.
"முள்முருக்கு. இதைவிட லேசான தடி
இஞ்ச கிடையாது."
"மழையில நனைஞ்சா முளைச்சிடுமே?"
"முளைக்கட்டும். செட்டைக்கு நிழல்."

ஒரு கிழமை காயவைத்து, பிளேட்டால் சீவி,
எட்டாவதைப் பார்த்து ஏழாவதை வெட்டினேன்.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில்
பல்சா விலா ஒன்றரைக் கிராம்.
முருக்கு மூன்றே கால்.
"செய்கூலி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு
முதலாளி தானே சிரித்தார்.

வலம் தாழ்ந்தது.
இடச்சிறகின் நுனிக்குள்
பிளவுஸ் கொக்கிகளை ஒவ்வொன்றாய் ஒட்டினார் அருள்நேசன்.
நாலாவது கொக்கியில்
விமானம் என் இரண்டு விரலிலும் நேராய் நின்றது.

ஊடு தெரிகிற செம்மஞ்சள் தாளை
அவரே அயன் பண்ணினார்.
"சில்க்குக்கு வைக்கிற சூடு காணும்."
சுருக்கம் ஓடி ஓடி ஓரத்தில் ஒளிந்தது.
அவர் விடவில்லை.

பொலிஸில் கடிதம் கொடுத்தேன்.
"கமெரா இருக்கா?"
"இல்லை."
"மருந்து அடிக்கவா?"
"இல்லை."
"அப்ப ஏன் பறக்க விடுறீங்கள்?"
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது.
கோடு போட்டேன்.

கல்லுண்டாய் வெளி.
சோளகம் ஓய்ந்த ஞாயிறு, விடிய ஆறு மணி.
றிமோட்டுக்குப் பென்டோர்ச் பற்றரி நாலு.
அருள்நேசன் ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் உருட்டினார்.
"தொண்ணூற்றிமூண்டில இதோட பிடிபட்டிருந்தா
வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டன்."
பிறகு கூட்டல் கழித்தல் பார்த்து
கவனமாய்ச் செருகினார்.

அவர் எறிந்தார்.
அது விழப்போய், யோசித்து, ஏறியது.

போகும்போது சுகம்.
இடம் என்றால் இடம்.
திரும்பி என்னை நோக்கி வரும்போது
இடம் வலமாகும் என்று வாசித்திருந்தேன்.
வாசித்தது கண்.
விரல் வாசிக்கவில்லை.

அது சரிந்து
அவர் தலைக்கு நேராய் இறங்கியது.
அருள்நேசன் பொத்தென்று குப்புற விழுந்தார்.
முழங்கை மடித்து, காது பொத்தி, வாய் திறந்து,
ஒன்றும் மறக்காமல்.

தொள்ளாயிரம் கிராம்
அவர் முதுகுக்கு மேலால்
தும்பி இரைச்சலோடு போனது.
குச்சியை இழுத்தேன்.
ஏறியது.

"அண்ணை, அண்ணை!"
பதில் இல்லை.
நானும் ஓட ஏலாது,
இரண்டு பெருவிரலும் வானத்தில்.

பிறகு மெல்ல மல்லாக்கத் திரும்பினார்.
சட்டையெல்லாம் உப்புச் சேறு.
எழும்பவில்லை.
"இன்னொருக்கா மேலால விடும்."

விட்டேன்.
வெயில் செம்மஞ்சளுக்குள் புகுந்து
எலும்பெல்லாம் தெரிந்தது.
"வலப்பக்கம் ஏழாவது கறுப்பாத் தெரியுது பிள்ளை,
எங்கட தடி!"

மூன்றாம் சுற்று, நாலாம் சுற்று.
அவர் கிடந்தபடி கை காட்டுகிறார்,
இந்தப் பக்கம், இந்தப் பக்கம்.
பற்றரி இன்னும் இரண்டு நிமிஷம் தாங்கும்.
இறக்குகிற பக்கத்தை
நான் இன்னும் வாசிக்கவில்லை.